ஊசி இருக்கும் இடம்

1

கண் நோய்ச் சொற்களுக்கு எளிய தமிழில் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். 'கண்புரை: கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது, அறுவை சிகிச்சையால் சரியாகும்' என்று நல்லபிள்ளையாகத்தான் தொடங்கினேன். அடுத்த சொல் கிளாக்கோமா. அதற்கு ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு தையல்காரி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு கதை எழுதாமல் என்ன செய்ய?

2

இருள் சூழ்ந்த அவள் வாழ்வில்...

(வேண்டாம். இருளாவது ஒன்றாவது! கடையில் இரண்டு டியூப்லைட் எரிகிறது.)

அக்கா தைப்பாள். தங்கை இடப்பக்கம் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள். கொஞ்ச நாளாக அக்காவுக்கு ஒரு மனக்குறை: எதைக் கேட்டாலும் தங்கை வாயைத் திறப்பதில்லை. ஒருநாள் தங்கை பக்கத்திலிருந்து நீட்டிய தேநீரை அக்கா தட்டிவிட்டாள். தைத்து முடித்த வெள்ளைச் சட்டை பாழ். மறுநாளே தங்கை அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

3

"கிளாக்கோமா," என்றார் டாக்டர்.

"புரைதானே? எடுத்துடுங்க. எதிர்வீட்டு மாமா எடுத்துட்டு வந்து இப்போ எறும்போட காலைக்கூட எண்ணுறாரு."

"இது புரை இல்லம்மா. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுட்டு வருது. முதல்ல ஓரப் பார்வை போகும். போனது திரும்பாது. சொட்டு மருந்தை விடாம போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்."

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. தங்கைதான் அழுதாள்.)

அக்கா கேட்டாள்: "நடுவுல?"

"நடுப் பார்வை நல்லாவே இருக்கு."

"அப்ப சரி. ஊசி நடுவுலதான் இருக்கு டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமா தைங்க. சொட்டு மருந்தை மட்டும் மறக்காதீங்க."

வெளியே வந்ததும் தங்கையை அதட்டினாள்: "ஏண்டி அழுற? இத்தனை நாளா ஒரு பதிலும் சொல்லாம இருந்தியே, அதுக்கு அழு."

"நான்தான் தலையாட்டினேனே அக்கா!"

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "கடவுளே... நீ கோவமா இருக்கேன்னுல்ல நானும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்! இனிமே எனக்கு எதிர்ல உட்காரு."

4

இரண்டு முடிவுகள் கைவசம் உண்டு. அடுத்த பரிசோதனையில் அழுத்தம் குறைந்திருந்தது என்று ஒன்று. குறையவில்லை, மருந்தை மாற்றினார்கள் என்று இன்னொன்று. ஆனால் அந்தப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. நான் முந்திக்கொண்டு சொல்வது முறையல்ல. எனக்குத் தெரிந்தது இந்தச் சாயங்காலம் மட்டும்.

"சிமிட்டாதக்கா!"

"நான் சிமிட்டலடி, உன் கைதான் நடுங்குது."

மருந்து கன்னத்தில் வழிகிறது. இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கை மறுபடி குனிகிறாள். இன்னொரு சொட்டு.

இது சரியாக விழுந்ததா? எழுதி முடித்து நான் எழுந்துவிட்டேன்; இப்போது என்னைவிட நீங்கள்தான் கிட்டே இருக்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.