நாலு லோடு ஆற்று மணல்

“இவுரு உனுக்குச் சொந்த நைனாதானா?”

தெருவில் நின்ற நீலமேகத்தைக் கண்ணால் காட்டிச் சித்தாள் மலிகா இப்படிக் கேட்டபோது யசோதரா குடத்தைச் சாய்த்துப் புதுச்சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மலிகா சிரிக்கவில்லை. மணல் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். வெளியாட்களிடம் வாய் திறப்பதென்றாலே யசோதராவுக்குக் கூச்சம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் அன்று அந்தக் கேள்வி உறுத்தியது கூச்சத்தால் இல்லை. கேள்வியில் கேலி இருந்திருந்தால் மறந்துவிட்டிருப்பாள். அதில் இருந்தது பரிதாபம்.

திருவொற்றியூரில் கடலோரச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது அவர்கள் வீடு. சிமெண்ட் ஷீட் கூரை. மழை வந்தால் பாத்திரமெல்லாம் தரைக்கு வந்துவிடும். அம்மா கெங்கம்மா காசிமேட்டு இறால் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இறால் உரிக்கிறவள். ஐஸிலும் இறால் தண்ணீரிலும் ஊறி ஊறி அவள் விரல்நுனிகள் வெந்த சோறு மாதிரி வெளுத்துப் போயிருந்தன. அந்த விரல்களால்தான் சீட்டு கட்டினாள். தொண்ணூற்றொன்பதாம் வருடம் சீட்டையும் எடுத்து, கம்மலையும் சங்கிலியையும் விற்று, இற்றுப்போன சுவர்களை இடித்துக் கட்டி மேலே தளம் போட்டுவிடுவதென்று துணிந்தாள்.

அட்வான்ஸ் கொடுத்த அன்று உச்சிமாகாளி மேஸ்திரி நோட்டுக்கட்டை மூக்கருகே கொண்டுபோய், “என்னம்மா, ரூவாயில எறா வாடை அடிக்குல்லா!” என்றார். தெற்கத்திக்காரர். நல்ல கைவேலைக்காரர் என்று தெருவில் பேர். கெங்கம்மா, “துட்டு துட்டுதான மேஸ்திரி” என்று சிரித்தாள். அவர் போன பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அதைப் பார்த்துவிட்டு யசோதராவின் அப்பா நீலமேகம் சொன்னான்: “மேஸ்திரியாண்ட பொம்பள துட்டு குடுத்தா மதிக்க மாட்டான். எங்கையில குடு. நான் பாத்துக்கறேன்.”

துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போனதிலிருந்து அவன் வேலைக்குப் போவதில்லை. இந்த ஒரு பொறுப்பாவது ஏற்கிறானே என்று கெங்கம்மாவுக்குச் சந்தோஷம். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் அவள் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அவன் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டு, மேஸ்திரியை டீக்கடைக்குக் கூட்டிப்போவான். பில்லோ ரசீதோ கிடையாது. ரொக்கமாக வாங்கினால்தான் மேஸ்திரிக்குக் கட்டுப்படியாகும் என்றான் நீலமேகம். ஆற்று மணல் நாலு லோடுக்கு மட்டும் தனியாக எட்டாயிரம் போனது.

மலிகா கேட்டதற்கு மறுநாள் யசோதரா சுவரைக் கவனித்துப் பார்த்தாள். கலவை காய்ந்த இடத்திலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். உப்பு. நகத்தால் சுரண்டினாள். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு கிளிஞ்சல் வந்தது, வரிவரியாக, ரோஸ் நிறத்தில்.

அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கடல் மணல் கம்பியைத் தின்றுவிடும் என்று. அடைக்கலமேரி அக்கா வீட்டு சன்ஷேடு நாலே வருடத்தில் கம்பி ஊதிப்போய் அப்படியே கழன்று விழுந்தது. ஆள் இல்லாத நேரம், தப்பித்தார்கள்.

அடுத்த லோடு வந்தபோது யசோதரா கதவிடுக்கில் நின்று பார்த்தாள். லாரி வரவில்லை. கடலரிப்புக்குக் கல் கொட்டிய கடற்கரைப் பக்கமிருந்து மூன்று மீன்பாடி வண்டிகள், மீன் ஏற்றும் முச்சக்கர வண்டிகள், வந்தன. மணலில் ஈரம் சொட்டியது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நீலமேகம் முன்னால் நடந்துவந்து, “இங்க கொட்டு மாமு, இங்க” என்று கை காட்டினான். வண்டிகள் போனதும் சட்டைப்பையிலிருந்து லாட்டரிச் சீட்டுகளை எடுத்து, நம்பரைப் பார்த்துக்கொண்டே தெருமுனைக்கு நடந்தான்.

அன்று ராத்திரி அம்மா அவனுக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு முள்ளை உறிஞ்சினான். உதட்டோரம் குழம்பு வழிந்தது. யசோதரா தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தாள். அவன் தொட்ட சொம்பில் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அவன் துண்டைக் கொடியிலிருந்து எடுக்கும்போது இரண்டு விரலால் எடுத்தாள். ஆனால் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கெங்கம்மா கூரைக்குப் பதில் கட்டிய தார்ப்பாயின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு வெறும் இருட்டில் கை நீட்டிக் காட்டுவாள்: “இங்க ஃபேனு. அங்க உன் கட்டிலு. மழ வந்தா எழுந்து குந்திக்கினு இருக்க வேணாம், இன்னா?”

தளம் போடும் நாள் வந்தது. பலகை அடித்துக் கம்பி கட்டியாகிவிட்டது. வாசலில் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் சட்டி மேலே ஏறுவதற்கு முன் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்து, மேலே ரொக்கம் வைத்துத் தட்டு கொடுப்பது வழக்கம். தெருவே நின்று பார்த்தது. கெங்கம்மா லீவு போட்டு, பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

“யசோ, நீ குடு. பொண்ணு கையால குடுத்தா வூடு நெலைக்கும்.”

யசோதரா தட்டோடு நாலடி நடந்து மணல் குவியலிடம் போனாள். ஒரு கைப்பிடி அள்ளி நோட்டுகளின் மேல் போட்டாள்.

“இன்னாடி பண்ற, லூசு!”

“வாயில வெச்சுப் பாரும்மா.”

கெங்கம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பவில்லை. கிளிஞ்சல்களைக் கட்டைவிரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

“இன்னா மேஸ்திரி இது? ஆத்து மணலுக்குன்னு எட்டாயிரம் குடுத்தனே.”

“எட்டா? ஏ தாயீ, எங்கையில வந்தது ஆயிரத்தைநூறு. வண்டிக் கூலிக்கே சரியாப் போச்சு. ஒங்க வீட்டுக்காரர் சொன்னாரு, செஞ்சோம்.”

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“நான் கூலிக்காரன். ரூவாய்க்குத் தக்க மணலு.” சொல்லிக்கொண்டே அவர் யசோதராவின் கையிலிருந்து தட்டை வாங்கி மணலைத் தரையில் சாய்த்தார். நோட்டுகளை உதறினார். விரலை எச்சில் தொட்டு எண்ணினார். வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மலிகா, “த்தூ, கலீஜ் பொழப்பு” என்று முகத்தைத் திருப்பினாள்.

மிஷின்காரன் பல்லைக் காட்டினான். “இன்னா மாமே, உன் வூட்டுலயே நீ கமிஷன் அடிச்சியா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். நீலமேகம் மேலே பலகையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான், வாய் நிறைய பான்பராக்.

“எம்மாம்யா எடுத்த?” அவள் கத்தவில்லை. “மணலு மட்டுந்தானா? சிமிட்டிலயும் எடுத்தியா? கம்பிலயுமா?”

அவன் ஏணியில் நிதானமாக இறங்கினான், இடுப்பு வலிக்கிற ஆள் இறங்குகிற மாதிரி. தன்னை அடிக்கத்தான் வருகிறான் என்று யசோதரா நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பட்டனைக்கூட விடாமல் போட்டான். செருப்பைத் தேடிக் கால் நுழைத்தான்.

“போடவா வாணாவா? சொல்லுக்கா. மிஷினு வாடகை ஓடுது” என்றான் மிஷின்காரன்.

கெங்கம்மா மேலே கட்டியிருந்த கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் வெறும் வயிற்றோடு சுற்றிக்கொண்டிருந்தது. நீலமேகம் அவளுக்கும் மணல் குவியலுக்கும் நடுவே, சட்டையில் தூசி படாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கடந்தான். சுவரோரம் சிவப்பாகத் துப்பினான். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தெருமுனை திரும்பினான்.