ஏழு முறை வென்ற நர்ஸம்மா

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டசபையில் எல்லோருக்கும் கண் சொக்கும். ஏழாவது முறையாக உறுப்பினராயிருந்த நர்ஸம்மாவுக்கு அன்று கூடுதலாகவே சொக்கியது. உயரத்துக் கண்ணாடிகள் வழியே இறங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. மசோதாவை வாசித்த அமைச்சரின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலத் தேய்ந்துகொண்டே போனது.

அரசியலுக்கு வருமுன் அவர் பன்னிரண்டு கட்டில் பிரசவ விடுதியில் நர்ஸ். வேறு ஆள் கிடைக்காமல்தான் கட்சி முதல் தடவை அவரை நிறுத்தியது. தொகுதியில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். "என்னைத் தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டினவங்களாச்சே, உங்களுக்குப் போடாம யாருக்குப் போடுவேன்?" என்று சிரித்தபடி ஓட்டுப் போட்டார்கள். சபையில் கட்சிக் கொறடா கண் காட்டினால் கை தூக்குவார். அப்படியே முப்பத்திரண்டு வருடத்தில் சாலை, குடிநீர், பள்ளிக்கூடத்துக்கு மாடி என்று ஒவ்வொன்றாகத் தொகுதிக்கு வாங்கிச் சேர்த்தார்.

தையற்காரரான அவர் கணவர் மட்டும் அவ்வப்போது சீண்டுவார். "உன் கையி உன்னோடதா, கட்சியோடதா?"

"ரெண்டு பேருக்கும் பொது" என்பார் நர்ஸம்மா.

அன்று காலையிலும் கொறடா வந்து, "அக்கா, ஓட்டெடுப்பு இருக்கு. மறந்துடாதீங்க" என்றார்.

"என்னைக்கு மறந்திருக்கேன்?"

இப்போது அரைத்தூக்கத்தில் சபையின் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நீண்டு கட்டில்களாயின. வெள்ளைப் போர்வைக்குள் பெண்கள் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். மழையில் நனைந்தபடி ஒருமுறை தள்ளுவண்டியில் வந்திறங்கிய பால்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் அன்று தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. "விடுதி பூட்டியிருக்கே அக்கா, நான் எங்க போறது?" என்று கேட்டாள்.

நர்ஸம்மா விழித்தார். "இருபது கட்டில்களுக்குக் குறைவான பிரசவ விடுதிகள் மூடப்பட்டு..." என்று அமைச்சர் முடித்துக்கொண்டிருந்தார்.

ஆதரிப்போர் கை தூக்கினார்கள். கொறடா திரும்பிப் பார்த்தார். நர்ஸம்மாவின் கை மடியிலேயே இருந்தது.

"எதிர்ப்போர்?" என்றார் சபாநாயகர்.

எதிர்க்கட்சி வரிசைகளோடு, ஆளுங்கட்சி வரிசையிலிருந்தும் ஒரு கை உயர்ந்தது.

"அக்கா, கைய இறக்குங்க!" கொறடா பெஞ்சைத் தாண்டி எட்டிக் கிசுகிசுத்தார்.

"இறக்க மாட்டேன் தம்பி. வலிச்சாலும் பரவாயில்ல."

மசோதா ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. சாயங்காலத்துக்குள் கட்சி அவரை நீக்கியது; பதவியைப் பறிக்கக் கேட்ட மனு மட்டும் சபாநாயகரிடம் தூங்கியது. வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டு, தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடுதியைப் பூட்டினார்கள். கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட நர்ஸம்மா ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதே கேள்வியைக் கேட்டார்: தலைமை மருத்துவமனைக்குப் போகும் வழியில் எத்தனை பிரசவங்கள்? முதலில் சிரித்தவர்கள் பிறகு தலை குனிந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, தொலைதூர ஊர்களின் விடுதிகளைத் திறக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

ஒரு காலையில் அந்த விடுதிக்கு நடந்தே போனார். புதுச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னல் திரைகள் மெல்ல உப்பி அடங்கின. வாசலில் இருந்த இளம் நர்ஸுக்கு அவரைத் தெரியவில்லை.

"யாரைப் பாக்கணும்மா?"

"யாரையும் இல்ல. சும்மா கொஞ்ச நேரம் உக்காரலாம்னு."

"உக்காருங்க. ஆனா நடுவுல உக்காராதீங்க, கட்டில் தள்ளிட்டு வருவாங்க."

அவள் சொன்னபடி நர்ஸம்மா சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.