மூன்றாவது புலி

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் மதியம் வண்டியை ஓரங்கட்டியதும், டிரைவர் தனசேகரன் கைப்பேசியில் ஆடுபுலி ஆட்டத்தைத் திறந்துவிடுவார். எதிரே ஆடுவது கம்ப்யூட்டர். மூன்று புலிகளும் அதற்கு, ஆடுகளெல்லாம் இவருக்கு. புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஜெயம். எவ்வளவு கடினமான நிலையில் வைத்தாலும் பெரும்பாலும் இவர்தான் ஜெயிப்பார்.

அன்று ஆடுகள் செத்துக்கொண்டே இருந்தன. இரண்டு புலிகளை ஒடுக்கிவிட்டார். மூன்றாவதைப் பலகையில் காணவே இல்லை. ஆனால் அதுதான் ஆடுகளைத் தாண்டித் தாண்டித் தின்றது.

"ஃபிராடு பண்ணுதும்மா இது. ஒரு புலிய ஒளிச்சி வச்சிக்கினு ஆடுது."

சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்த கண்டக்டர் ஷாரோன் குனிந்து பார்த்தாள். "எங்கண்ணா ஒளிச்சிச்சி? தோ, லெஃப்ட்ல உக்காந்துக்கினு இருக்குதே."

"எங்க?"

அவள் தொட்டுக் காட்டினாள். அவள் கை வந்தது தெரிந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் கை இல்லை.

தனசேகரன் கைப்பேசியை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புலி வெளியே வந்தது. திரும்ப இடப்பக்கம் நகர்த்தினார். புலி போய்விட்டது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை. எப்படிப் பார்த்தாலும் அதே பாதிதான் இல்லை.

காலையில் மாகறலிலிருந்து வரும்போது, குழந்தையை முன்னால் நிற்கவைத்து மொபெட்டில் வந்த ஆள் ஒருவன் வண்டிக்கு இடப்பக்கம் அலறினான். "சந்துலேர்ந்து இப்படியா வர்றது?" என்று அவனைத் திட்டிவிட்டு வந்திருந்தார். அந்த இடத்தில் சந்தே கிடையாது. அது இப்போதுதான் உறைத்தது.

"என்னாண்ணா, வேர்க்குது?"

"ஒண்ணுமில்லம்மா. வெயிலு."

செவிலிமேடு டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். சொன்னால் இனி ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். கழுத்தை நன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இந்த ஒரு டிரிப்பை ஓட்டிவிடலாம் என்று நினைத்தபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என்ஜினைப் போட்டு நேராகப் பார்த்தார். இடப்பக்கக் கண்ணாடி இல்லை, முன்வாசல் இல்லை. அந்த இல்லாத இடத்திலிருந்து பேச்சுக்குரல்கள் ஏறி வந்தன. ஒரு கைக்குழந்தை அழுதது.

சாவியைத் திருப்பி அணைத்தார்.

"ஷாரோன், எல்லாரையும் எறக்கிடும்மா."

"ஏன்ணா, பிரேக்கா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு பக்கம் தெரியல."

முணுமுணுத்த பயணிகளைப் பின்வண்டிக்கு அனுப்பினாள், அவர் மனைவி தேவகிக்குப் போன் செய்தாள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில் ஷாரோன் இடப்பக்கம் உட்கார்ந்ததும் அவருக்கு அவள் இல்லாமல் போனாள்.

"ஏதாவது பேசிக்கினே இரும்மா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருக்கியான்னு தெரியணும்." ஷாரோன் வழியில் தெரிந்த கடைப்பெயர்களை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு சிக்னலில் அவள் பேச்சை நிறுத்தியபோது கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு என்றது ஸ்கேன். கண்ணில் கோளாறில்லை. இதைவிடப் பெரிதாக ஒன்று வந்திருக்கும், தாமதிக்காமல் வந்தது நல்லது என்றார் டாக்டர். பார்வை முழுக்கத் திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

கொஞ்சம் திரும்பியது, முழுக்க இல்லை. டிப்போவில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். சாலையைக் கடக்கும்போது தேவகியை இடப்பக்கம் நிறுத்திக்கொள்வார்.

"வரலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"வாங்க," என்று அவள் சொன்ன பிறகும், காலை எடுத்து வைக்க அவருக்குச் சற்று நேரம் பிடிக்கும்.