பிரபுவின் புறாக்கள்

ஜமீன்தார் அழுவார் என்று பால்பாண்டி எதிர்பார்க்கவே இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தான். கன்னத்தில் வழிந்தது நிஜமான கண்ணீர்தான். தரையில் உட்கார்ந்து அவருடைய தர்பார் கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த பக்கீர் முகமது ஊசியை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டே? வாசி," என்றார் ஜமீன்தார், அங்கவஸ்திரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கண்ணில் புரை விழுந்த பிறகு அவருக்குக் கதை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. பத்தாவது தேறிவிட்டு ஊரில் சும்மா இருந்த பால்பாண்டியை மதுரை பங்களாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். அவனுக்கு இது சம்பளம் கொடுத்துக் காட்டிய சொர்க்கம். தமிழில் வந்திருந்த பிரெஞ்சுக் கதைகளையெல்லாம் அவனே தேடிக் கொண்டுவந்தான். மெழுகுவத்தி விளக்குகளும் மாவு தூவிய பொய்முடிகளும் பட்டுக் காலுறைகளும் அவனுக்கு வைகை மணலைவிட நெருக்கமாகிவிட்டிருந்தன.

இப்போது வாசிக்கும் கதையில் ஒரு பிரபு வருகிறார். ஆண்டு முழுவதும் அரசரின் அரண்மனையிலேயே கிடக்கிறார். காலையில் அரசர் எழுந்ததும் அவருக்குச் சட்டையை எடுத்து நீட்டுவதுதான் பிரபுவுக்குக் கிடைத்த பெரிய கௌரவம். வரி என்று ஒரு காசு கட்டுவதில்லை. ஊரிலோ அவருடைய குடிகள் அவர் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும், அவர் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும். அவருக்கு ஒரு புறாக் கோபுரம் உண்டு. விதைத்த கோதுமையை அந்தப் புறாக்கள் கூட்டமாக வந்து பொறுக்கித் தின்னும். ஒருவரும் கல்லெறியக் கூடாது.

சட்டை நீட்டும் இடத்தில் ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்திருந்தார். "ஒரு சட்டையை எடுத்துக் குடுக்குறதுக்கா இம்புட்டுப் பெரிய மனுசன்?" பக்கீர் முகமது அப்போது கோட்டின் மேல் குனிந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டார். கவர்னர் வியாழக்கிழமை வருகிறார். ரயிலடியில் வரிசையில் நின்று கும்பிடத்தான் அந்தக் கோட்டு. அதற்காகவே ஜமீன்தார் தை மாதத்திலிருந்து மதுரையில் இருந்தார். குடிகளின் நெல்லில் ஜமீன் பங்கை அளந்து எடுக்கும் அதிகாரியான அமீனாவும் இப்போது அங்கேயே இருந்தார்.

புறாக்கள் தின்ற கோதுமையை நினைத்து அவர் அழுதுகொண்டிருந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே அக்கா புருஷன் பேயாண்டி நிற்பதைப் பால்பாண்டி பார்த்தான். தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

"மாப்ள, நெல்லைத் தூத்தி அம்பாரம் போட்டு நாளாச்சு," என்றான் பேயாண்டி. "குறி வச்சுட்டு வந்த அமீனா இங்கனயே உக்காந்துக்கிட்டாரு. மேக்க மேகம் கட்டுது. வைக்கோலைப் போட்டு மூடிக்கிறேன்னு கேக்க வந்தேன். அம்புட்டுத்தேன்."

ஜமீன் பங்கை அளந்து எடுக்கும்வரை களத்து நெல்லைக் குடியானவன் தொடக்கூடாது. அம்பாரத்தின் மேல் சாணிப்பாலைத் தெளித்துக் கட்டையால் முத்திரைக் குறி வைத்துவிடுவார்கள். குறி கலைந்தால் நெல் முழுவதும் ஜமீனுக்கு. வைக்கோல் பட்டாலும் குறி கலையும்.

"அக்கா?"

"களத்துலதான் கெடக்கா, வானத்தைப் பாத்துக்கிட்டு. வருசச் சோறுல்ல."

பால்பாண்டிக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. "மச்சான், சரியான நேரத்துக்கு வந்திருக்கீக. அய்யா இப்ப அழுதுக்கிட்டு இருக்காரு. இன்னொரு அத்தியாயம் வாசிச்சா அப்படியே உருகிருவாரு. அப்பக் கேக்குறேன்."

"எதுக்கு அழுவுறாரு? வீட்டுல எதுவும் துக்கமா?"

"இல்ல. பிரான்சு தேசத்துக் குடியானவங்களுக்காக."

"அவுகளுக்கும் மழை வருதா?" என்று கேட்டுவிட்டுப் பேயாண்டி ஜன்னலடியில் குந்தினான்.

பால்பாண்டி பக்கங்களைத் தள்ளி, புத்தகத்திலேயே சோகமான அத்தியாயத்துக்குப் போனான். புறாவைக் கல்லால் அடித்த கிழவனைப் பிரபுவின் ஆட்கள் மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். அவன் மூடிய கைக்குள் ஒரு பிடி விதைக் கோதுமை இருக்கிறது. குரலை ஏற்றி இறக்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தன் வாழ்நாளிலேயே நன்றாக வாசித்தான். ஜமீன்தார் தேம்பினார். "பாவி. படுபாவி. மனுசனா அவன்?" என்றார்.

பால்பாண்டி புத்தகத்தை மடியில் கவிழ்த்து, பேயாண்டியின் நெல்லைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போதே பதில் கிடைத்துவிட்டது போல அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

"குறியைக் கலைக்கவா?" ஜமீன்தார் குரலில் கோபம் இல்லை. "வியாழன் கழியட்டும். அமீனா வருவாரு."

"மழை பேஞ்சா முளைச்சிரும் அய்யா."

"மழை பேஞ்சா நான் என்னப்பா செய்ய? குறி எங்க பாட்டனார் காலத்துலருந்து இருக்கு. ஒருத்தனுக்கு விட்டா ஊரே வந்து நிக்கும்." பிறகு அன்பாகவே சிரித்தார். "நான் என்ன, அந்தப் பிரபு மாதிரி யாரையாச்சும் தூக்குல போட்டேனா? சரி, பெறகு என்ன ஆச்சு? வாசி."

அவர் கன்னத்து ஈரம் இன்னும் காயவில்லை. பால்பாண்டி அந்த ஈரத்தையே பார்த்தான். அது பொய்க் கண்ணீராக இருந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். எழுத்துகள் கண்ணுக்கு முன் கலங்கின. வாய் மட்டும் தானாக வாசித்தது.

ஊர் திரண்டு கடப்பாரையோடு புறாக் கோபுரத்துக்குப் போகிறது. வாசல்வரை போய், பயந்து நிற்கிறது. ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினார்.

"எவன் உத்தரவுக்குடா காத்துக்கிட்டிருக்கீங்க? போங்கடா. போயி உங்க தானியத்தைக் காப்பாத்துங்கடா."

ஜன்னலடியில் பேயாண்டி எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கம்பிகளின் வழியே பால்பாண்டியைப் பார்த்து, "அய்யா உத்தரவு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தான்.

ஜமீன்தார் சாப்பிட எழுந்து போனதும் பக்கீர் முகமது முணுமுணுத்தார். "தம்பி, அந்த ஆளைப் பிடிங்க. களத்துல கைய வச்சாருன்னா கட்டிவச்சு உரிச்சிருவானுக."

திருமங்கலம் பஸ் புறப்படும் நேரத்தில்தான் பால்பாண்டி அவனைப் பிடித்தான். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். "மச்சான், அவர் அதைக் கதைக்குச் சொன்னாரு."

"தெரியும் மாப்ள. நான் என்ன கூறுகெட்டவனா?"

"தெரிஞ்சுமா போறீக?"

"அவருக்குத்தேன் தெரியல. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரா?"

கப்பலூர் தாண்டும்போது மேற்கு வானம் கரிச்சட்டியின் அடிப்பாகம் போல இருந்தது. பஸ் நின்ற இடத்திலிருந்து இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

களத்தில் அக்கா அன்னக்கொடி எழுந்து நின்றாள். பேயாண்டி ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கியதும் ஜமீன் காவல்காரன் மருது கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"யாரைக் கேட்டு?"

"அய்யாவைக் கேட்டு."

"நீ சொன்னா நான் நம்பணுமாக்கும்." மருது பால்பாண்டி பக்கம் திரும்பினான். "தம்பி, நீங்க அய்யா கூடவே இருக்கவுக. நீங்க சொல்லுங்க. சொன்னாரா?"

புத்தகங்களில் இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் நெஞ்சு நிமிர்த்திப் பெரிய வசனம் பேசுவார்கள். பால்பாண்டி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். வேலை போகும். முதுகுத் தோலும் போகலாம். அக்கா அவனைப் பார்க்கவில்லை, மேகத்தைத்தான் பார்த்தாள்.

"சொன்னாரு," என்றான். "எவன் உத்தரவுக்குடா காத்துக்கிட்டிருக்கீங்க, போயி உங்க தானியத்தைக் காப்பாத்துங்கடான்னாரு. தையக்காரரும் கேட்டுக்கிட்டிருந்தாரு."

தன் குரல் நடுங்காததைக் கேட்டு அவனுக்கே திக்கென்றது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"நம்ம அய்யாவா?"

"அழுதுக்கிட்டே சொன்னாரு."

மருதுவின் வாய் திறந்தபடி இருந்தது. முதல் துளி அவன் தலைப்பாகையில் சொட்டென்று விழுந்தது. கம்பை வேம்பில் சாத்திவிட்டு, அவனும் ஒரு கட்டைத் தூக்கினான்.

"நிக்காத தம்பி, அங்கிட்டு மூடு," என்றாள் அன்னக்கொடி. பால்பாண்டி கை கொண்டமட்டும் வைக்கோலை அள்ளி அம்பாரத்தின் மேல் விழுந்து பரப்பினான். காய்ந்த சாணிக் குறி உடைந்து அவன் உள்ளங்கையோடு வந்தது.