ஆதாரம் இல்லாத குரல்

லிஃப்ட் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் எழுத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். விளம்பர வாசகம், ஆண்டு மலர், ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து மடல், செத்தவருக்கு அஞ்சலிக் குறிப்பு, எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். "நல்லதுக்கும் கெட்டதுக்கும் நம்ம எழுத்தம்மாதான்" என்று கணக்குப் பிரிவில் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கே ஒரே ஒரு பக்கம் தண்ணி காட்டியது. இணையக் கலைக்களஞ்சியத்தில் கம்பெனியைப் பற்றி ஒரு பதிவு. கம்பெனி ஆள்தான் எழுதுகிறேன் என்று ஒளிக்காமல் சொல்லி, மூன்று தடவை அனுப்பிவிட்டாள். மூன்று தடவையும் போன மச்சான் திரும்பி வந்த கதைதான்.

திருப்பி அனுப்பியவர், அங்கே சம்பளம் வாங்காமல் பதிவுகளைச் சரிபார்க்கும் ஒருவர். முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. நத்தை என்று புனைபெயர் வைத்திருந்தார். பதிவின் உரையாடல் பக்கத்தில் நத்தை பொறுமையாகவே எழுதியிருந்தார்: "உங்கள் இணையதளம் நீங்களே எழுதியது. வணிக இதழில் வந்த பேட்டி விளம்பரப் பக்கத்தில் இருக்கிறது. அந்த விருது, விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்கிறது. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத யாராவது தானாக, விரிவாக எழுதியது ஏதேனும் உண்டா?"

எழுத்தம்மாவுக்கு முதலில் எரிச்சல் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

பெரியவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். மகன்கள் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகும் தினமும் வந்து உட்காருவார்.

"என் பேரன் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமாம்மா? 'தாத்தா, நம்ம கம்பெனி உலகத்துலயே இல்ல'ன்னுட்டான். நேத்துப் பெஞ்ச மழைல முளைச்சவனுக்கெல்லாம் அதுல பக்கம் இருக்கு."

"நாம சொல்றதை அவங்க எடுத்துக்க மாட்டாங்கய்யா. வெளியாள் யாராவது நம்மளைப் பத்தி எழுதியிருக்கணும்."

"எழுதாமயா இருந்திருப்பாங்க? பழைய பேப்பரைத் தேடு. கிடைக்கிறதை அப்படியே போடு. ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட வந்து நிக்காத."

பொது நூலகத்தில் பழைய செய்தித்தாள்கள் மேல்மாடியில் இருந்தன. அங்கே ஓடுவதும் கம்பெனி லிஃப்ட்தான். மாடி வந்ததும் வழக்கம்போல அந்தக் குரல் கேட்டது. "கதவு திறக்குது. பார்த்து வாங்க." மற்ற கம்பெனி லிஃப்டெல்லாம் செய்தி வாசிப்பது போலப் பேசும். இது மட்டும் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஜனங்களுக்குப் பிடித்ததே அதுதான். 'உங்கள் வீட்டுக் குரல்' என்று விளம்பரம் எழுதியவளே எழுத்தம்மாதான். யார் குரல் என்று அவள் கேட்டதில்லை. எந்தக் காலத்திலோ பதிவு செய்தது என்று மட்டும் தெரியும்.

மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த நூலகர், படச்சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் இயந்திரத்தின் முன்னால் அவளை உட்காரவைத்தார். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பழைய நாட்கள் சாம்பல் நிறத்தில் ஓடின. சினிமா விளம்பரம், காணவில்லை அறிவிப்பு, மழை, தேர்தல், மறுபடி மழை. கம்பெனி பெயர் கண்ணில் பட்டபோது கை தானாக நின்றது.

'லிஃப்ட் கம்பெனியில் விபத்து: பெண் பலி.'

நாலே வரிச் செய்தி. கம்பெனியின் சோதனைக் கோபுரத்தில் லிஃப்ட் கூண்டு வராமலே கதவு திறந்துகொண்டது. கால் வைத்த டெலிபோன் ஆபரேட்டர் உள்ளே விழுந்து இறந்தார். கவனக்குறைவே காரணம் என்று நிர்வாகம் கூறியது.

அடுத்த வாரத்துப் பேப்பரில் முழுப் பக்கக் கட்டுரை. ஒரு நிருபர் மெனக்கெட்டு விசாரித்து எழுதியிருந்தார். தகரக் கொட்டகையில் வெல்டிங் பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி, முதல் லிஃப்டை ஆஸ்பத்திரிக்குச் செய்து கொடுத்தது, பெரியவரின் இளமைக் காலம், எல்லாம் அதில் இருந்தது. அவள் இத்தனை நாளாகத் தேடியதெல்லாம் அந்தச் சாவைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தது. சில மாதம் தள்ளி மூன்றாவது செய்தி: கூண்டு வராமல் கதவு திறக்காதபடி தடுக்கும் பூட்டை, சோதனைக்காக நிர்வாகமே கழற்றச் சொன்னது விசாரணையில் தெரியவந்தது. இறந்தவர் மேல் தவறில்லை.

அதற்கு முன்னும் பின்னும் தேடினாள். வேறு எதுவுமே இல்லை. இத்தனை வருஷத்தில் உலகம் இந்தக் கம்பெனியைத் தானாகத் திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அந்தப் பெண் விழுந்தபோது.

ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் விரல் கொஞ்சம் தயங்கியது. கிடைப்பதை அப்படியே போடு என்றுதானே சொன்னார்? மூன்று செய்திகளின் விவரத்தையும் உரையாடல் பக்கத்தில் போட்டாள். நத்தை அன்றைக்கே பதில் எழுதினார்: "இவை சான்றுகள். இனி பதிவு நிற்கும். ஆனால் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட முடியாது."

அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் இது நாலு பேர் கண்ணுக்கு முன்னால் வரக்கூடாது என்று எழுத்தம்மாவுக்குத் தோன்றியது. கட்டுரையில், இறந்தவரின் அப்பா கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதாக ஒரு வரி இருந்தது. மறுநாள் மத்தியானம் தேடிப் போனாள். கடை அங்கேயேதான் இருந்தது. ரோடு உயர்ந்து கடை பள்ளமாகிப் போயிருந்தது. வெயிலில் இருந்து உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே இருட்டு.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "படி இருக்கு. பார்த்து வாங்க."

எழுத்தம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கண் பழகும்வரை, கீழே தரை இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தலை நரைத்த ஒரு பெண் உட்கார்ந்து, ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் காதுக்குச் சின்னத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். இறந்தவளின் தங்கை. வந்த காரியத்தைச் சொன்னதும் திருகாணியைக் கீழே வைத்தாள்.

"கம்பெனியில இருந்தா? அப்பா இருந்திருந்தா உங்களை உக்காரச் சொல்லியிருக்க மாட்டாரு. நீங்க உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

எழுத்தம்மா உட்கார்ந்தாள். "உங்க குரல்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"அக்கா குரல்தான் எனக்கும். போன்ல எடுத்தா அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. உங்க லிஃப்ட்ல பேசுறது அக்காதாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. யாரும் சொல்லல."

"யார் சொல்லுவா? போன்ல நல்லாப் பேசுறாளேன்னு அவளையே பேச வச்சுப் பதிஞ்சாங்க. முதல்தடவை மாட்டினது அந்தக் கோபுரத்துல. எப்படிக் கேக்குதுன்னு பாக்கத்தான் அன்னைக்குப் போனா. கதவு திறக்குது, பார்த்து வாங்கன்னு அவ குரலே கூப்பிட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே, பின்னால நின்னவங்களைத் திரும்பிப் பாத்துக்கிட்டே கால் வச்சிருக்கா."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தங்கை அது போகட்டும் என்று காத்திருந்தாள்.

"பாத்துப் போகாததுதான் தப்புன்னு எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் ஊர் பூரா அவ வாயாலயே பார்த்து வாங்கன்னு சொல்ல வச்சாங்க. நான் லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்குப் போறதே இல்ல. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில கடைசி நேரம். ஆறு மாடியும் நடந்துதான் ஏறினேன்." அவள் குரல் உயரவே இல்லை. "செத்தவங்களுக்குக்கூட லீவு உண்டுங்க. எங்கக்கா இன்னும் டியூட்டி பாத்துக்கிட்டு இருக்கா."

அன்றைக்குப் பிறகு எழுத்தம்மாவும் படியேற ஆரம்பித்தாள். அவள் குடியிருந்தது ஐந்தாவது மாடி. அங்கேயும் அதே லிஃப்ட்தான். காய்கறிப் பையோடு மூச்சு வாங்க வந்து நின்றவளைப் பார்த்துக் கணவர் கேட்டார்.

"முழங்கால் வலின்னு மாத்திரை போட்டுக்கிட்டே எதுக்கு இந்த வேலை? மெஷின் பேசுது, அவ்வளவுதானே?"

"மெஷின் மூச்சு விடுமாங்க?"

"என்ன சொல்ற?"

"நின்னு கேட்டுப் பாருங்க. பார்த்து வாங்கன்னு சொல்றதுக்கு முந்தி ஒரு மூச்சு இழுக்கிறா."

அவர் சிரித்தார். இரண்டு நாள் கழித்து அவரும் பால் பாக்கெட்டோடு படியேறி வந்தார்.

படியில் போனாலும் விடவில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும். யாரும் ஏறாத, யாரும் இறங்காத மாடியிலும் கதவு திறந்து, வெறும் நடைபாதையைப் பார்த்து, பார்த்து வாங்க என்று சொல்லிவிட்டு மூடும். முன்பும் அப்படித்தான் நடந்திருக்கும். இப்போது யாரைக் கூப்பிடுகிறாள் என்று யோசித்துக்கொண்டே எழுத்தம்மா அடுத்த படியில் கால் வைப்பாள்.

நத்தை பதிவை எழுதி முடித்து வெளியிட்டார். சின்னப் பதிவுதான். தகரக் கொட்டகை, முதல் லிஃப்ட், விபத்து, விசாரணை முடிவு. எல்லாவற்றுக்கும் கீழே சான்று எண்கள். பெரியவர் அதை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்.

"இதை எடுக்கச் சொல்லு."

"முடியாதுங்கய்யா. நம்ம வீட்டுச் சுவர் இல்ல, நாம வெள்ளையடிக்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவளுக்குத் துணிவு வந்தது.

"அந்தக் குரலை மாத்திடலாம்ங்கய்யா. அதைக் கேக்க முடியாம அவங்க வீட்டுல தவிக்கிறாங்க."

"எந்தக் குரலை?"

"இறந்தவங்க குரல். அவங்க தங்கச்சி சொன்னாங்க."

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். "பேப்பர்ல அப்படி எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்போ அதுக்கு என்னம்மா ஆதாரம்?"

எழுத்தம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். தான் கற்றுக்கொடுத்த பாடத்தையே அவர் தன்மேல் திருப்பிவிட்டார் என்பதால் இல்லை. கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்ட விதத்தால். பதில் வந்துவிடக்கூடாதே என்று பயப்படுகிற முகம் அது.

உரையாடல் பக்கத்தில் நத்தையிடமும் கேட்டுப் பார்த்தாள். நத்தை வருத்தத்தோடுதான் எழுதினார்: "நம்புகிறேன். ஆனால் நேரில் கேட்டதைச் சேர்க்க வழியில்லை. அச்சில் வரவேண்டும்."

கடைக்குப் போய் அதைச் சொன்னபோது தங்கைக்குப் புரியவே இல்லை. "கூடப் பிறந்தவ நான் சொல்றேன். செல்லாதா?"

"நீங்க ஒரு நிருபர்கிட்ட சொல்லி, அவர் விசாரிச்சு எழுதினா செல்லும்."

"சரி, கூட்டிட்டு வாங்க."

கம்பெனியில் இருந்துகொண்டு அதைச் செய்வது சரியில்லை என்று எழுத்தம்மா முதலில் வேலையை விட்டாள். அதே செய்தித்தாளுக்குப் போனாள். முழுப் பக்கம் எழுதிய நிருபர் காலமாகிவிட்டிருந்தார். அவர் இடத்தில் இருந்தவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஒருத்தர் பேச்சை மட்டும் நம்பி எழுதமாட்டேன் என்றாள். அன்றைக்குக் குரலைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளரை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அவர் காது மந்தமாகி மகள் வீட்டில் இருந்தார். கேள்வியை எழுதிக் காட்டினார்கள். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணா? பார்த்துங்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கும். வெட்டிடட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்னுட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கட்டுரை வந்தது. பதிவில் ஒரே ஒரு வரி கூடியது, கீழே ஒரு எண்ணோடு. கம்பெனி மறுப்பும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் ஆட்களை அனுப்பிக் கட்டடம் கட்டடமாகக் குரலை மாற்றியது. உத்தரவு போட்டது பெரியவர்தான் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் எழுத்தம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான்தாங்க, கண்ணாடிக் கடை."

யாரென்று தெரிந்தும் ஒரு கணம் அவள் கை கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"இன்னைக்கு ஒரு சொந்தக்காரங்களைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்ட்ல ஏறிப் பாத்தேன். யாரோ ஒரு பொண்ணு பேசுது. நல்லாத்தான் பேசுது."

"சந்தோஷம்ங்க."

"இறங்கி வந்ததும் அழுதுட்டேன். ஏன்னே தெரியல. இவ்வளவு நாள் அவ எங்கயோ இருந்தா, நான்தான் போய்க் கேக்காம இருந்தேன். இப்போ கேக்கணும்னாலும் அவ குரல் எங்கயும் இல்லையே."

எழுத்தம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்கா குரல்தான் எனக்கும் என்று இவளே சொல்லியிருக்கிறாள், ஆனால் தன் குரல் அடுத்தவர் காதில் எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? அந்தக் குரல் இதோ இந்தப் போனில் பேசுகிறதே என்று அவளிடம் சொல்லலாமா, சொன்னால் ஆறுதலாக இருக்குமா, இல்லை இனி வாயைத் திறக்கவே பயப்படுவாளா?

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" போனில் ஒரு சின்ன மூச்சு கேட்டது.

"இருக்கேன். பேசுங்க" என்றாள் எழுத்தம்மா.