உப்புத் தார்ப்பாய்

என் வீட்டுக்காரர் தார்ப்பாயின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தபோது, நான் அடுப்படி வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். காபி புறங்கையில் சிந்தியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. அவர் வண்டியின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வண்டி. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. அவர் ஆரோவில்லில் மெக்கானிக்காக இருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் "அந்தோணிராஜ், உன்னை விட்டா இதை யாரு பார்த்துப்பா" என்று அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. வண்டிக்கு வயது இருபது. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். ஓட்டுவதைவிட அதன் சத்தத்தைக் கேட்பதில்தான் இவருக்குச் சுகம். என்ஜினை ஓடவிட்டு, பூசையில் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வயிற்றுப்பாட்டுக்குப் பார்ப்பதோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனியில், அங்கேயே தங்கி வேலை. நான் ஓட்டுவதும் பேட்டரி ஆட்டோதான், உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிறது. "உன் வண்டி ஓடுதா, வீட்ல மிக்ஸி ஓடுதான்னே தெரியலடி" என்பார். "மிக்ஸி சட்னியாவது அரைக்குது, உங்க வண்டி என் உசுரத்தான் அரைக்குது" என்பேன். கோபம் தலைக்கேறினால் எனக்கு ஒரே வார்த்தைதான். "அந்தச் சனியன உப்புல போட்டுப் பொதைங்க!" தெருவே கேட்கும்படி எத்தனை தடவை கத்தியிருப்பேனோ, கணக்கில்லை.

நவம்பரில் அவர் வேலைக்குத் திரும்பிப் போன மறு வாரமே மழை பிடித்துக்கொண்டது. வண்டி நிற்கிற கொட்டகையின் தகரம் ஒன்று பறந்துவிட்டது. வண்டி நனைய ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மழை வந்தால் முதலில் உப்புக் குவியலை மூடுவோம், அப்புறம் விறகு, அப்புறம்தான் பிள்ளைகள். அந்தக் கைப்பழக்கத்தில் அளத்துக்கு ஓடி, குவியல் மூடின பழைய தார்ப்பாய் ஒன்றைத் தலையில் தூக்கிவந்து வண்டியைப் போர்த்தினேன். காற்று தூக்காமல் ஓரமெல்லாம் கல் வைத்தேன். இரண்டு வருஷம் உப்பு மேலேயே கிடந்த பாய் அது. உப்பிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு உப்பு கண்ணில் படவில்லை, சேசுவே.

நேற்று சாயங்காலம் கொட்டகையைக் கூட்டும்போதுதான் பார்த்தேன். பின் சக்கரத்தோரம் துருச் செதில். பக்கத்தில் ஈரத் திட்டு. தொட்டால் வழவழவென்றிருந்தது. குனிந்து பார்த்தால் பிரேக் பைப் பொரிபொரியாகக் கிடக்கிறது. வண்டி ஓட்டுகிறவளுக்கு அது பிரேக் ஆயில் என்று தெரியாதா? ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். சொன்னால் அவர் என்ன நினைப்பார்? சொன்னபடியே உப்பில் புதைத்துவிட்டாள் என்றுதானே. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

இன்று காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் வண்டிக்கு எஃப்.சி. சோதனை. தேறினால் இன்னும் ஐந்து வருஷம் ரோட்டில் ஓடும். தேறாவிட்டால் காயலான் கடை. இரண்டு மாசத்தில் அவருக்கு இந்த ஒரு நாள்தான் லீவு. பஸ்ஸிலிருந்து இறங்கி முகம்கூடக் கழுவாமல் ஆயில் பார்த்தார், டயரை உதைத்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் இறுக்கமாக நின்றது. தாங்கிவிடுமோ என்று எனக்கு ஒரு ஆசை வந்தது.

"தார்ப்பாய் ஏதுடி?"

"மேரிசெல்வி குடுத்தா."

பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் எப்படித்தான் வாயில் வந்ததோ.

"ஏறு, நீயும் வா" என்றார். அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

அளத்து நேர் ரோட்டில் ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிப்பது அவர் வழக்கம். "கார்பன் எரியணும்டி, அப்பதான் பொகை டெஸ்ட்ல நிக்கும்." இரண்டு பக்கமும் பாத்திகளில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அறுபது. எண்பது. ரோடு வளைகிற இடத்தில் பாப்பாத்தி அக்காவும் நாலைந்து பொம்பளைகளும் பாத்தித் தரையை மிதித்து இறுக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தம் கேட்டாலே அக்கா கையைத் தூக்கி ஆட்டும். இப்போதும் தூக்கியது.

"மெதுவா போங்க."

"பயமாடி?" என்று சிரித்தார். போன் பேசும்போதெல்லாம் செத்த குரலில் பேசுகிற மனுஷன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. தொண்ணூறு. நூறு.

"நிறுத்துங்க! பிரேக் பைப் துருப்புடிச்சுப் போச்சு, நேத்தே பார்த்தேன். அது உப்பு மூடின தார்ப்பாய். நான்தான் போட்டேன், நான்தாங்க!"

பிரேக்கை மிதித்தார். ஒரு நொடி பிடித்தது. அப்புறம் பெடல் சொதசொதவென்று உள்ளே இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், அது துருவில் இறுகிக்கிடந்தது. கியரை நாலு, மூணு, ரெண்டு என்று இறக்கினார். என்ஜின் கதறியது. நான் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பொம்பளைகள் பாத்திக்குள் குதித்தார்கள். தூக்குவாளி ஒன்று ரோட்டில் உருண்டு கஞ்சி கொட்டியது. முன் சக்கரம் ரோட்டோரச் சேற்றில் புதைந்து வண்டி நின்றது.

"ஏண்டா அந்தோணி, காலங்காத்தால ஊத்திக்கினியா?" என்று முழங்கால் சேற்றில் நின்று பாப்பாத்தி அக்கா கத்தியது.

"இல்லக்கா" என்றார். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வேணும்னு பண்ணியா?"

"நனையக் கூடாதுன்னுதாங்க." என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"மேரிசெல்வி குடுத்தான்னு சொன்னே."

கதவைத் திறந்து சேற்றில் இறங்கினேன்.

நடந்தே வீட்டுக்குப் போய் ஆட்டோவை எடுத்துவந்தேன். பொம்பளைகள் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். கயிறு கட்டி, நடக்கிற வேகத்தில் இழுத்துவந்தேன். கண்ணாடியில் அவர் முகம் ஆடிக்கொண்டே வந்தது. வீடு சேரும்போது பத்தரை.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். "தண்ணி கொண்டா." நான் போர் குழாயை இழுத்தேன். "அது கரிப்புத் தண்ணிடி. நல்ல தண்ணி."

நல்ல தண்ணீர் லாரியில் வருவது. இரண்டு நாளைக்கு நாலே குடம். முதல் குடத்தைச் சொம்பு சொம்பாக அடித்தார். பைப்பை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார். "கரிக்குது." இரண்டாவது. மூணாவது.

"இது கடைசிங்க. குடிக்கிறதுக்கு வச்சது."

கை மட்டும் வெளியே நீண்டது. கொடுத்தேன். அதுவும் தீர்ந்து, கொட்டகைத் தரை முழுக்கச் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அப்புறம் அந்தக் கை மறுபடி வெளியே வந்தது, ஒரு விரலை நீட்டிக்கொண்டு.

"நீயே பாரு."

முட்டி போட்டுக் குனிந்து அந்த விரலை நாக்கில் தொட்டேன். துருவும் ஆயிலும், அதற்கு அடியில் உப்பும். இல்லைங்க என்றுதான் வாய் வந்தது.

"கரிக்குதுங்க" என்றேன்.

விரல் உள்ளே போய்விட்டது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேரிசெல்வி வீட்டுக்கு நடந்தேன்.