எயிட்ஸ் வகுப்புக்கு வந்த நாற்பத்தொரு குடும்பங்கள்

கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில் ஐறீன் மிஸ் ஐந்து ஞாயிறு எயிட்ஸ் வகுப்பு வைத்தார். ஐந்துக்கும் சேர்த்து வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். ஒருவர் நித்திரை கொள்ள வந்தவர். மற்றவர் மண்டபக் காவலாளி ஒஸ்வால்ட். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வருவதற்குள் மிஸ்ஸை மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்தே அட்டையிலிருந்த அவருடைய முகம் பாதி அழிந்துவிட்டது. ஒருநாள் வரிசையில் நின்றபடியே அவர் தூங்கிப் போனார். ஆமிக்காரன் பையைச் சோதித்து, திரும்பத் தோளில் மாட்டி, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டான்.

முப்பது குடும்பமாவது வந்து கையெழுத்து வைக்காவிட்டால் இந்த ஞாயிறோடு வகுப்பை மூடிவிடுவதாக, மிஸ்ஸை அனுப்பிய அலுவலகம் சொல்லிவிட்டது. மூடினால் மிஸ்ஸின் வீங்கிய கால்களுக்கு நல்லதுதான். ஆனால் அவர் நேர்ஸாக இருந்த காலத்தில், எயிட்ஸ் வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை அதன் தாய் தொட மறுத்து வாசலோடு திரும்பிப் போனதைக் கண்டவர்.

கையெழுத்துப் படிவத்தை ஒஸ்வால்டிடம் கொடுத்து, வீடு வீடாகக் காட்டி வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு குடும்பம் வந்தது. பிறந்து பதினொரு நாளான குழந்தை வந்தது. படுத்த படுக்கையான கிழவர் ஒருவர் கட்டிலோடு வந்தார். எல்லோர் கையிலும் அடையாள அட்டைப் பிரதி, படம், கிராமசேவகர் கடிதம்.

"ஒஸ்வால்ட் அண்ணே, என்ன சொல்லிக் கூப்பிட்டனீங்கள்?"

"போமைத்தான் காட்டினனான் மிஸ். பேர், அட்டை நம்பர், ஊர் விலாசம். ஒருத்தரும் என்னத்துக்கெண்டு கேக்கேல்ல. எத்தின மணிக்கெண்டுதான் கேட்டவை."

மிஸ்ஸுக்கு விளங்கியது. தமிழ்க் குடும்பமெல்லாம் போய்ப் பதிய வேண்டிய பொலிஸ் பதிவென்று நினைத்துச் சனம் வந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் கையெழுத்தை வாங்கினால் வகுப்பு தப்பும். மிஸ் வாயைத் திறந்தார்.

"இது பொலிஸ் பதிவில்லை. எயிட்ஸைப் பற்றின வகுப்பு."

நாற்பத்தொரு குடும்பமும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனது. வெளியே தெருவை மறித்துச் சுற்றிவளைப்பு. "அத்துலட்ட யன்ன!" என்று சிங்களத்தில் கத்தி ஆமிக்காரன் எல்லோரையும் உள்ளே துரத்தினான்.

"இனிப் போகவும் ஏலாது. சொல்லுங்க மிஸ், என்ன வருத்தம் அது?" என்றார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளெமென்ற்.

மிஸ் இரத்தத்தைப் பற்றிச் சொன்னார், ஊசியைப் பற்றிச் சொன்னார். ஆணுறையை எடுத்ததும் பெற்றோர் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறதென்று பங்குக்கே தெரிய வந்தது.

"இதைப் பொடியளுக்கு முன்னாலையா மிஸ்?"

"வேற ஆருக்கு முன்னால, கிளெமென்ற்? உங்களுக்கு இனித் தேவைப்படுமோ?"

முதலில் சிரித்தது கிளெமென்ற்றின் மனைவி.

சிரிப்பு அடங்கியபோது, பேலியகொடையில் மீன் எடுத்து விற்கும் புளோறன்ஸ் எழுந்தாள்.

"மிஸ், அந்த வருத்தக்காரர் சாப்பிட்ட கோப்பையில நான் சாப்பிட்டா?"

"ஒண்டும் வராது."

"உடுப்புத் தோய்ச்சா?"

"வராது."

"கட்டிப் பிடிச்சா?"

கப்பல் வேலையால் திரும்பி வந்த புளோறன்ஸின் மகன் இரண்டு மாதமாகப் பின்னறையை விட்டு வெளியே வரவில்லையென்று தெருவுக்கே தெரியும். பக்கத்தில் இருந்தவள் தன் கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

"நல்லா இறுக்கிக் கட்டிப் பிடியுங்க, அக்கா," என்றார் மிஸ். மேசைக்குப் பின்னாலிருந்து வந்து புளோறன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தள்ளிப் போன கதிரை பாதித் தூரம் திரும்பி வந்தது.

மாலையில் தெருவைத் திறந்தார்கள். ஒஸ்வால்ட் பேனையும் படிவமுமாக வாசலில் நின்றார். மிஸ் படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தார்.

"முப்பது கையெழுத்து இல்லாட்டி மூடிப்போடுவாங்களே மிஸ்?"

"புளோறன்ஸ் கேட்ட கேள்விக்குப் பிறகு, ஆர் ஆர் வந்ததெண்டு எழுதி எங்கேயோ அனுப்பச் சொல்லுறீங்களோ?"

எல்லோரும் போன பிறகும் புளோறன்ஸ் போகவில்லை.

"அடுத்த ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டோ, மிஸ்?"

இனி வகுப்பில்லை என்று சொல்ல மிஸ் வாயெடுத்தார்.

"கூட்டிக்கொண்டு வாங்க," என்றார்.

பிறகு கதிரையில் சரிந்து, செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, மண்டபத் திறப்பு உங்களிட்டத்தானே?"

"ஓம், மிஸ்."

"அப்ப ஞாயிறு திறந்து வையுங்க."

ஒஸ்வால்ட் தலையாட்டுவதற்குள் மிஸ் தூங்கிவிட்டார்.